இளைப்பாற ஒரு நாள்

வெள்ளிக்கிழமை நண்பகலில் பாங்கு ஒலித்ததும் கொழும்பு மாளிகாவத்தைத் தெருக்களில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்க, தொப்பியணிந்த சிறுவர்கள் தந்தையரின் விரலைப் பிடித்தபடி பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை வரும் முழுநிலவு நாளான நோன்மதி தினத்தில் இறைச்சிக் கடைகளும் மதுக் கடைகளும் பூட்டிக் கிடக்க, வெள்ளுடை தரித்த பெண்கள் பூத்தட்டு ஏந்தி மாளிகாகந்தைப் பக்கமுள்ள விகாரைக்குப் போகிறார்கள். ஞாயிறு மட்டும் அங்கே எதையும் நிறுத்துவதாகத் தெரியவில்லை. விடியும்போதே பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசை தொடர்மாடி வீடுகளைச் சுற்றி வருகிறது. ஏழு மணிக்குள் புத்தகப்பை சுமந்த பிள்ளைகள் தனியார் வகுப்புகளுக்கு விரைகிறார்கள். வாகனம் திருத்தும் இடங்களில் இரும்பின் ஓசை எழுகிறது. அந்த நெரிசலுக்குள், மருதானைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ பூசைக்குப் போவதற்காகப் பேருந்துத் தரிப்பில் நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பார்த்தால், அவற்றில் ஒருவராவது கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடியே நிற்பார்; பூசை முடிந்த கையோடு பத்து மணி முறைக்கு வேலைத்தலத்தில் இருக்க வேண்டியவர் அவர்.

நாட்டின் அலுவலகங்களுக்கு ஞாயிறே விடுமுறை நாளாக இருக்க, அந்த நாளைப் புனிதமாகக் கொள்ளும் சமூகத்திலேயே பெரும்பகுதியினர் அன்று ஓயாமல் இருப்பது ஏன் என்ற கேள்வி, கொழும்பின் பங்குகளிலும் சபைகளிலும் அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. ஆலயங்களில் கூட்டம் குறையவில்லை. பல இடங்களில் இருக்கை கிடைப்பதே அரிது. ஆனால் வழிபாடு வேறு, ஓய்வு வேறு என்பதையும், முன்னது தப்பிப் பிழைத்த இடத்தில் பின்னது மெல்ல இறந்துபோகக்கூடும் என்பதையும் இந்த நகரம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது.

ஒரு சொல்லின் இரு வாழ்வுகள்

இலங்கைத் தமிழில் 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய தபால் அதிபர்' என்றெல்லாம் வழங்கும்போது இளைப்பாறுதல் என்பது பணி முடிந்து ஓய்வூதியம் பெறும் நிலையைக் குறிக்கிறது. அதே சொல்லைத்தான் தமிழ் வேதாகமம் வருந்திச் சுமை சுமப்பவர்களுக்கு இயேசு தரும் வாக்குறுதிக்கும் கையாள்கிறது. இளைப்பு ஆறுதல், அதாவது களைத்த உடலின் சூடு தணிதல், என்பது அதன் வேர்ப்பொருள். வேதாகமத்தில் அது ஒவ்வொரு கிழமையும் நிகழ வேண்டியது. அன்றாட வழக்கிலோ அறுபது வயதுக்குப் பின் நிகழ்வது. நாற்பது ஆண்டு இளைத்தபின் ஒரேயடியாக ஆறலாம் என்ற எண்ணம் மொழிக்குள்ளேயே குடியேறியிருப்பது சிறிய செய்தியன்று.

ஓய்வுநாளின் ஊற்று யூத மறை. விடுதலைப் பயண நூல் அந்தக் கட்டளைக்குச் சொல்லும் காரணம் படைப்பு: இறைவனே ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம், அதாவது கத்தோலிக்கர் இணைச்சட்டம் என அழைக்கும் நூல், அதே கட்டளைக்கு வேறொரு காரணத்தைச் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை மறவாதே. முதற்காரணம் ஓய்வை வழிபாட்டோடு இணைக்க, இரண்டாவது அதை விடுதலையோடு இணைக்கிறது. கிறிஸ்தவர்கள் உயிர்ப்பின் நாளான ஞாயிற்றைக் கொண்டாடத் தொடங்கியபோது, உரோமப் பேரரசில் அது வேலை நாளாகவே இருந்தது, கி.பி. 112 அளவில் ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதம், அவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடியதைத் தெரிவிக்கிறது. 321இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் நீதிமன்றங்களுக்கும் நகரத் தொழிலாளருக்கும் ஞாயிறு விடுமுறை அறிவிக்கும் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், அவர்களுக்கு வழிபாடு இருந்தது, பொது ஓய்வு இல்லை. அந்த அறிவிப்பிலும் உழவர்கள் விலக்கப்பட்டிருந்தார்கள்.

நிலவின் கணக்கில் ஐந்தாண்டுகள்

1966 சனவரி முதல் இலங்கையில் ஞாயிறு வாராந்த விடுமுறையாக இருக்கவில்லை. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் சந்திர மாதத்தின் நான்கு போயா நாட்களையும், அவற்றின் முன்நாட்களையும் வாராந்த விடுமுறைகளாக்கியது. போயா என்பது அமாவாசை, பூரணை, இடைப்பட்ட இரு அரைநிலவு நாட்கள் ஆகியவற்றைக் குறிக்கும் சிங்களச் சொல். அந்நாட்களில் பௌத்தர்கள் சில் எனப்படும் ஒழுக்க நோன்பை மேற்கொள்வர். இம்மாற்றத்தின் பின்னே நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை மக்கள் தங்கள் நோன்பு நாளில் கந்தோருக்குப் போய், முன்னைய குடியேற்ற ஆட்சியாளரின் மதத்துக்குரிய நாளில் வீட்டிலிருந்தார்கள். பௌத்தரின் பெருநாளான வெசாக் கூட 1885இல் தான் பொது விடுமுறையாயிற்று. கிறிஸ்தவரான சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமைதாங்கிய தமிழரசுக் கட்சி பங்கேற்றிருந்த அரசாங்கமே இம்மாற்றத்தைச் செய்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

சந்திர மாதத்தின் நீளம் ஏறத்தாழ 29.53 நாள், அதை நான்காகப் பகுத்தால் 7.38 நாள் வருகிறது. ஆகையால் ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிலவேளை ஏழு நாளும் சிலவேளை எட்டு நாளும் இருந்தன. வேலைக் கிழமையின் நீளமும் அதற்கேற்ப மாறியது. ஆண்டொன்றுக்கு 52 ஞாயிறுகள் இருந்த இடத்தில் 49 அல்லது 50 போயாக்களே வந்தன. போயா ஒன்று ஞாயிறாக அமைவதற்கான வாய்ப்பு ஏழில் ஒன்று, முன்நாளுக்கும் அவ்வாறே. எனவே கணக்கின்படி ஆண்டில் 38 ஞாயிறுகள் அளவில் முழு வேலை நாட்களாகியிருக்கும். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஞாயிற்றின் சிவப்பு போய், நிலவின் குறிகள் பத்தி மாறி மாறிச் சறுக்கிச் சென்றன. இந்த மாதம் செவ்வாயில் தொடங்கிய விடுமுறை அடுத்த மாதம் புதனுக்கோ வியாழனுக்கோ நகர்ந்தது.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? பிளினியின் காலத்தவர் செய்ததையே செய்தார்கள். வேலைக்கு முன் அதிகாலையிலும் வேலை விட்டபின் மாலையிலும் ஆலயங்களில் கூடினார்கள். விசுவாசத்துக்கு அழிவு வரவில்லை, ஆலயங்கள் மூடப்படவுமில்லை. தொலைந்தது, பூசைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட பகல். உறவினர் வீட்டுக்குப் போவதும், நோயாளியைப் பார்ப்பதும், பகலுணவுக்குப் பின் பாயில் சாய்வதும், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் இருப்பதும் அந்தப் பகலுக்குள்தான் இருந்தன. உலகச் சந்தையோடு நாள் பொருந்தாத துறைமுகமும் வங்கிகளும் இடருற்றதால், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1971இல் ஞாயிற்றை மீட்டது. மாதமொருமுறை வரும் பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. ஞாயிறு திரும்பி வந்ததற்கு முதன்மைக் காரணம் வணிகம் என்பதால், அதே வணிகம் பின்னர் அதை உள்ளிருந்து கரைத்தபோது தடுக்க எவரிடமும் வாதம் இருக்கவில்லை.

பெட்டிச் செய்தி: கிழமையை மாற்றிப் பார்த்த நாடுகள்

பிரான்ஸ்: புரட்சி அரசு 1793இல் பத்து நாள் கொண்ட கிழமையைக் கொணர்ந்தது, ஒன்பது நாள் உழைத்துப் பத்தாம் நாள் ஓய வேண்டியிருந்தது. அந்த நாட்காட்டி 1806 சனவரி முதலாம் திகதி கைவிடப்பட்டது.

சோவியத் ஒன்றியம்: தொழிற்சாலைகள் ஒருநாளும் நிற்கக்கூடாதென 1929இல் தொழிலாளரை ஐந்து நிறக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வு வழங்கப்பட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் ஓய்வுநாள் பொருந்தாத குடும்பங்கள் பெருகின. ஏழு நாள் கிழமை 1940இல் மீண்டது.

வளைகுடா நாடுகள்: வெள்ளி வார விடுமுறையாக உள்ள நாடுகளில், இலங்கைத் தமிழர் உட்படப் புலம்பெயர் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றின் வழிபாட்டை வெள்ளியன்றே பெருந்திரளாக நிறைவேற்றி வருகிறார்கள்.

ஒரே வீடு, வெவ்வேறு விடுமுறை

இன்றைய கொழும்பின் நிலை 1966ஐ விட 1929இன் சோவியத் ஏற்பாட்டுக்கே நெருங்கி நிற்கிறது. அப்போது அரசாணை செய்ததை இப்போது வேலை அட்டவணை செய்கிறது. தந்தை பல்பொருள் அங்காடியின் களஞ்சியத்தில், தாய் தனியார் மருத்துவமனையில், மகன் வெளிநாட்டு நேரத்துக்கு இயங்கும் அழைப்பு நிலையத்தில், மகள் சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்பில் என்று இருக்கும் வீட்டில், நால்வருக்கும் கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலும் நால்வரும் சேர்ந்து ஓயும் நாள் ஒன்றும் இல்லை. கிறிஸ்தவ ஓய்வு என்பது தூங்கி எழுவதோடு முடிவதன்று, சேர்ந்திருப்பதையும் உள்ளடக்கியது என்பதால், தனித்தனியாகப் பெற்ற நான்கு விடுமுறைகளைக் கூட்டினாலும் ஒரு ஞாயிறு ஆகாது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இந்தப் பிளவை ஆழமாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, ஒரு சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் இரண்டாவது வருமானத்தைத் தேட, அதற்குக் கிடைத்த ஒரே வெற்றிடம் ஞாயிறாக இருந்தது. கிழமை நாட்களில் கந்தோரில் இருப்பவர் ஞாயிறில் முச்சக்கர வண்டி ஓட்டினார். ஆசிரியை வீட்டில் வகுப்பு நடத்தினார். எரிபொருளைச் சேமிக்கவும் வீட்டுத்தோட்டம் செய்யவும் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கியதும் அதே ஆண்டில்தான். ஓய்வுக்கென நாள் ஒதுக்கப்பட்டால்கூட அது ஓர் உற்பத்திப் பயனைக் காட்டியாக வேண்டும் என்ற நிலை அதில் வெளிப்பட்டது. வறுமையால் ஞாயிற்றை விற்றவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விற்க வேண்டிய தேவையில்லாதவர்களும் அதை விற்றுவிட்டார்கள் என்பதே வருத்தத்துக்குரியது.

பிள்ளைகளின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஞாயிறு காலையில் மறைக்கல்வி நடக்கும் வேளையிலேயே தனியார் வகுப்புகளும் நடப்பதால், பரீட்சை ஆண்டு வந்ததும் பிள்ளைகள் முதலில் கைவிடுவது மறைக்கல்வியையே. பௌத்த தரப்பிலும் ஞாயிறு அறநெறி வகுப்புகளான தஹம் பாடசாலைகளுக்கு இதே இழப்பு நேர்வதால், ஞாயிறு முற்பகலில் தனியார் வகுப்புகளை நிறுத்த வேண்டுமென்ற கோரிக்கை இரு மதத் தலைவர்களிடமிருந்தும் எழுந்து வருகிறது. ஒருகாலத்தில் ஞாயிறா போயாவா என்று எதிரெதிரே நின்ற இரு சமூகங்கள் இப்போது ஒரே நாளைக் காக்க ஒரே குரலில் பேசுகின்றன. ஞாயிறு பள்ளிக்குத் தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் 'ஓய்வுநாள் பாடசாலை' என்றொரு பழைய பெயர் உண்டு. அதற்கு வரும் பிள்ளை காலை ஏழுக்குக் கணிதமும் பதினொன்றுக்கு விஞ்ஞானமும் படிக்க வேண்டியிருக்கையில், பெயரின் முற்பாதியை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என வேலை நேரத்தை வரையறுத்து, கிழமையில் 28 மணிக்குக் குறையாமல் உழைத்தவருக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது. அந்த விடுமுறை ஞாயிறாகத்தான் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. வீட்டுப் பணியாளர் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை.

குசினி வரை வராத கட்டளை

சட்டம் பற்றிய பெட்டியின் இறுதி வரி கொழும்பு வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் நடைமுறையாக நிற்கிறது. ஞாயிறு காலை குடும்பம் ஆலயத்துக்குப் புறப்பட்டதும், மலையகத்திலிருந்து வந்து தங்கி வேலைசெய்யும் பெண் குசினியில் திருவலையில் அமர்ந்து தேங்காயைத் திருவத் தொடங்குகிறார். மற்ற நாட்களில் பருப்பும் ஒரு மரக்கறியும் போதுமான வீட்டில் அன்று கோழிக்கறி, பொரியல், விருந்தினருக்கென இன்னொன்று என அடுப்பு மூன்று மடங்கு எரிகிறது. பத்தரைக்குக் குடும்பம் திரும்பும்போது மேசை ஆயத்தமாக இருக்க வேண்டும். உண்டு முடித்து எல்லோரும் சாய்ந்த பின்னும் கழுவ வேண்டிய பாத்திரங்கள் மாலை வரை கிடக்கும். அவர் கிறிஸ்தவராக இருந்தால் அவருக்கும் ஞாயிறு கடன் திருநாள்தான், அதாவது திருப்பலியில் பங்குகொள்ளக் கடமைப்பட்ட நாள். அவர் இந்துவாக இருந்தாலும் அவரது முதுகுவலி மதம் பார்த்து வருவதில்லை.

உபாகமத்தின் கட்டளை, ஓய வேண்டியவர்களின் பட்டியலில் மகனுக்கும் மகளுக்கும் அடுத்து வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர்குறித்துச் சேர்க்கிறது. மாட்டையும் கழுதையையும் ஊரில் தங்கிய அந்நியரையும் கூட விடவில்லை. உன்னைப்போல அவர்களும் ஓய வேண்டும் என்பதே நோக்கம் என்று காரணத்தையும் சொல்கிறது. ஆகவே ஓய்வு, வீட்டுத் தலைவர் தமக்குத் தேடிக்கொள்ளும் நலமாக அல்லாமல், தம் அதிகாரத்துக்குட்பட்டவருக்கு அவர் கொடுக்க வேண்டிய கடனாகவே மறைநூலில் தோன்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் பிரிவு, வழிபாட்டையும் அந்நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல் உள்ளத் தளர்வாறுதலையும் தடுக்கும் வேலைகளிலிருந்து விலகச் சொல்கிறது. அதைத் தமக்கு மட்டும் பொருத்திக்கொண்டு, தமக்காக உழைப்பவருக்குப் பொருத்தாமல் விடும் வாசிப்பு அரைகுறையானது. கொழும்பிலேயே, மருதானை டீன்ஸ் வீதியில், 1971இல் சமூக சமய நிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார், நற்கருணையும் மனித விடுதலையும் பற்றி எழுதிய நூலில், பீடத்தில் அப்பம் பகிர்ந்துவிட்டுச் சமூகத்தில் அநீதியோடு சமாதானமாக இருக்கும் வழிபாட்டைக் கேள்விக்குட்படுத்தினார். அவரது இறையியலின் பிற பகுதிகளோடு திருச்சபைத் தலைமை முரண்பட்டதுண்டு. இந்தக் கேள்வி மட்டும் அரை நூற்றாண்டாக விடையில்லாமல் நிற்கிறது.

செய்ய முடியாத காரியமன்று இது. சிங்கப்பூரில் 2013 முதல் வீட்டுப் பணியாளருக்கு வாராந்த ஓய்வுநாள் சட்டமாயிற்று. பணம் கொடுத்து அந்த நாட்களை வாங்கிவிடும் வழக்கம் பரவியதால், 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணத்துக்கு மாற்ற முடியாதென விதித்தார்கள். ஓய்வு விலைப்பொருளானால் ஏழைதான் முதலில் விற்பார் என்பதை அந்த நாடு பத்தாண்டில் கற்றது. வெள்ளவத்தையிலோ சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஞாயிறு மதியம் எளிய உணவு என்று ஒரு வீடு முடிவெடுத்தாலே அடுப்பு பாதியில் அணைந்துவிடும், அந்த வீட்டுத் தாய்க்கும் அதனால் ஓய்வு வரும்.

ஒடுங்குதல்

கிழமை ஓய்வுக்கு அப்பால், ஆண்டில் சில நாட்கள் ஊரைவிட்டு விலகி மௌனத்தில் தங்குவதை முன்னைய தமிழ்க் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என்றார்கள். இப்போது தியானம் என்பதே வழக்கு. பழைய சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது: ஆமை உறுப்புகளை உள்வாங்குவதுபோலப் புலன்களைச் சுருக்கிக்கொள்வது ஒடுங்குதல். இன்று தியானம் என்ற பெயரில் நடக்கும் கூட்டங்கள் பலவற்றில், ஒலிபெருக்கியும் நிரம்பி வழியும் நிகழ்ச்சிநிரலுமாகக் காலை முதல் இரவு வரை ஒரு நிமிடமும் வெறுமையாக விடப்படுவதில்லை. அவற்றால் உள்ளம் எழுச்சி பெறலாம், ஆனால் களைத்த மனிதர் அங்கிருந்து மேலும் களைத்தே திரும்புகிறார்.

எலியா இறைவாக்கினரின் கதை இதற்கு எதிரான முறையைக் காட்டுகிறது. உயிருக்கு அஞ்சி ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்ட அவருக்குத் தூதர் போதனை செய்யவில்லை. உறங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மறுபடி உணவு கொடுத்தார். இறைவனின் மெல்லிய குரல் அவர் காதில் விழுந்தது அதற்குப் பிறகே. திருச்சபைச் சட்டமும் உடல் ஓய்வையும் ஆன்மீக ஒடுக்கத்தையும் ஒன்றாகக் குழப்புவதில்லை: பங்குத்தந்தை ஆண்டில் ஒரு மாதம் வரை விடுமுறை எடுக்கலாம் என்று கூறும் 533ஆம் பிரிவு, தியான நாட்களை அக்கணக்கில் சேர்க்கக் கூடாதென்கிறது. ஞாயிறே மிகக் கடிய வேலை நாளாக அமைந்த போதகர்களும் குருக்களும் இந்த வேறுபாட்டைத் தங்கள் வாழ்வில் கடைப்பிடித்தால், சபையாருக்குச் சொல்வதும் எளிதாகும்.

இத்தீவில் ஒடுங்குவதற்குத் தமிழ் மண்ணின் வடிவங்களே இருந்திருக்கின்றன. 1928இல் பி. ஏ. தோமஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவியர் மௌனமும் செபமும் உடலுழைப்பும் கலந்து வாழ, அவர்களுடைய நெல்லிரசம் நாடெங்கும் அறியப்பட்டது. தமிழகத்துத் திருப்பத்தூரில் 1921இல் எழுந்த கிறிஸ்துகுல ஆசிரமம் தொடக்கிவைத்த மரபில், 1939இல் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆசிரமம் அமைந்தது. இவற்றுக்கெல்லாம் போக வசதியில்லாத குடும்பங்களுக்கு மடுத் திருப்பதி உண்டு. ஆவணி 15ஆம் திகதிப் பெருவிழாவுக்குச் சில நாள் முன்னரே போய், காட்டு மரங்களின் கீழ்க் கூடாரமிட்டு, கல்லடுப்பில் சமைத்து, செபமாலைக்கும் நற்கருணைக்கும் இடையில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கும் அந்த மக்கள், எந்தத் தியான இல்லத்தின் அட்டவணையும் இல்லாமலே ஓய்வையும் வழிபாட்டையும் ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அச்சம் தீண்டிய ஞாயிறு

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள் ஆகியவற்றில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீயோனில் மாண்டவர்களுள் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகளும் இருந்தனர். அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். ஆலயங்கள் மீண்டும் திறந்தபோது வாயிலில் பை சோதனையும் ஆயுதக் காவலும் இருந்தன. மாளிகாவத்தையில் வாழும் முஸ்லிம்களும் அம்மாதங்களில் தேடுதல்களாலும் அயலவரின் சந்தேகத்தாலும் உறக்கமிழந்தார்கள். கண்ணை மூடிச் செபிப்பதற்கே பக்கத்திலிருப்பவர் மீது நம்பிக்கை வேண்டும். அயலவர் அமைதியின்றி இருக்கும் தெருவில் தனியொரு சமூகம் மட்டும் இளைப்பாறிவிட முடியாது என்பதை அந்த ஆண்டு கொடுமையாகக் காட்டிற்று.

கொச்சிக்கடைத் திருத்தலம் அவ்வாண்டு யூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முன்தினம், மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை அங்கே அந்தோனியாருக்குரிய நாள். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலைசெய்வோர், அவர்களுள் ஞாயிறு கிடைக்காத பலரும், மதம் பாராமல் வேலைக்கு முன்னும் பின்னும் அங்கே வந்து, மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தூணோரம் அமர்கிறார்கள். சிலர் செபிக்கிறார்கள். சிலர் ஒன்றும் செய்யாமல், கைகளை மடியில் வைத்தபடி, பேருந்துக்கு நேரமாகும் வரை அப்படியே இருக்கிறார்கள்.